ஜூலை நாலாம் தேதிப் பட்டாணி

எங்கள் ஊர் டன்மோர் கார்னரில் அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி தீயணைப்பு நிலையத்தில் விருந்து நடக்கும். அதில் மூன்று விஷயங்கள் இருந்தே ஆகவேண்டும். முட்டை சாஸ் ஊற்றிய சால்மன் மீன், புது உருளைக்கிழங்கு, அன்று காலை பறித்த பட்டாணி. நான்காவதாக, தீயணைப்புத் தலைவர் கிளேட்டன் ஃபிஸ்க் ஒரு பேச்சுப் பேசுவார். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

மீன் என் பொறுப்பு. சமையல்கட்டுக்கு நான் தலைவி என்று யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை; கரண்டியைக் கையில் எடுத்தேன், யாருக்கும் பிடுங்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். பட்டாணி மேவிஸ் பெல்நாப்பின் பொறுப்பு. மேவிஸ் என் தம்பி ராய்ஸின் மனைவி. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு வருஷம்கூடத் தவறாமல் அந்த விருந்துக்குப் பட்டாணி கொண்டுவந்தவள்.

தெற்கே பாஸ்டன் பக்கம் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ஜூன் பாதியிலேயே பட்டாணி தின்று அலுத்துவிடும். நாங்கள் இருப்பது வெர்மான்ட் மாநிலத்தின் வடக்கு ஓரம். ஏப்ரல் கடைசியில்கூட வேலியோரம் பனி கிடக்கும். மே மாதம் முழுக்க மண் சில்லென்று இருக்கும். ஜூன் முதல் வாரம் ஒரு நாள் உறைபனி விழுந்து தக்காளிச் செடிகளைக் கருக்கிவிட்டுப் போகும். இந்த ஊரில் நாலாம் தேதிக்குள் பட்டாணி காய்க்க வைப்பது மானப் பிரச்சினை. சர்ச்சுக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். நாலாம் தேதிக்குப் பட்டாணி இல்லாத தோட்டக்காரனைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

மேவிஸ் இந்த ஊர்ப் பெண் இல்லை. கல் உடைக்கும் ஊரிலிருந்து வந்தவள். அவள் அப்பா கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர். ராய்ஸ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கல்லைத் தவிர எதுவும் தெரியாதவள் நிலத்தில் என்ன செய்வாள் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். அவள் காதிலும் விழுந்தது. அவள் சிரித்துவிட்டு, "கல்லு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணி. உங்க தோட்டத்துல அது போதுமே" என்றாள். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் மண்ணிலிருந்து உருளைக்கிழங்கு அறுவடை போலக் கல் கிளம்பும். அவள் சொன்னதில் பொய் இல்லை.

ஆற்றோர நிலம் எங்கள் அப்பா சோளம் போட்ட நிலம். அப்பா மருந்து அடிக்காத வருஷமே கிடையாது. அதில் மேவிஸ் இயற்கை முறையில் காய்கறி போடப் போகிறேன் என்றாள். சான்றிதழ் வேண்டுமானால் மூன்று வருஷம் அந்த மண்ணில் எந்த மருந்தும் படாமல் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வருஷமும் காய்த்ததை எல்லாம் சாதாரணக் காய் என்றே விற்றாள். களையைக் கையால் பறித்தாள். வண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். முழங்காலில் தோல் தடித்துப்போனது. மூன்றாம் வருஷம் முடிந்து சான்றிதழ் வந்த அன்று அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டினாள். பிறகு பலகை ஒன்றில் தன் கையாலேயே எழுதிச் சாலையோரம் நட்டாள்: மேவிஸ் தோட்டம். மருந்து இல்லை. ரசாயன உரம் இல்லை.

அவளுடைய வருஷம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்கு அக்டோபர் என்றுதான் தோன்றும். ஊரெல்லாம் தோட்டத்தை மூடிவிட்டு விறகு அடுக்கும்போது அவள் பூண்டு நடுவாள். ஒவ்வொரு பல்லையும் குறுகல் முனை மேலே இருக்கும்படி ஊன்றி, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டு, பனியிடம் ஒப்படைத்துவிட்டு வருவாள். குளிர்காலத்தில் நிலவறையில் சேர்த்துவைத்த கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பரங்கி எல்லாவற்றையும் அழுகல் பார்த்துப் பார்த்து விற்பாள். உறைபனி பட்ட கேரட் அப்படி இனிக்கும்; ஊர்ப் பிள்ளைகள் மிட்டாய் கேட்பதுபோல் வந்து கேட்பார்கள். மார்ச்சில் ஊர்க்கூட்டம் நடக்கும் நாளில் வெங்காய விதை நாற்றுத் தட்டில் விழுந்துவிடும். ஊரே வரி பற்றிச் சண்டை போடும்போது இவள் நகத்தில் மண்ணோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் சேற்றுக்காலம். பனி உருகி மண்சாலைகள் எல்லாம் கஞ்சியாகிவிடும். அந்த நாட்களில் என் தம்பியை வீட்டில் பார்க்க முடியாது. ராய்ஸ் ஊராட்சியின் சாலை வண்டி ஓட்டுகிறவன். குளிரில் பனி தள்ளுவான், சேற்றில் சாலையைச் சமன் செய்வான். பேச்சு மட்டும் வராது. ஒரு நாளைக்கு அவன் பேசும் வார்த்தையை ஒரு கைப்பிடியில் அடக்கிவிடலாம்.

தோட்டத்தில் இருவருக்கும் வேலை பிரிந்திருந்தது. இயந்திரம் எல்லாம் அவன். உயிருள்ளது எல்லாம் அவள். விதை டப்பாவை அவன் தொடமாட்டான், டிராக்டர் சாவியை அவள் தொடமாட்டாள். நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வினையே அதில்தான் இருந்தது.

நான் சொல்ல வந்த வருஷம் வசந்தம் வரவே இல்லை. ஏப்ரல் கடைசியில் மேவிஸ் வழக்கம்போல் ஆற்றோரப் பாத்தியில் பட்டாணி விதைத்தாள். அடுத்த நாளிலிருந்து மழை. விடாமல், சலிக்காமல், ஐஸ் தண்ணீர் மழை. மருந்து தடவாத விதை குளிர்ந்த ஈரத்தில் எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரம் கழித்து அவள் விரலால் மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து என்னிடம் காட்டினாள். நசுக்கினாள். பிசுபிசுவென்று ஒழுகியது.

"எல்லாமே இப்படித்தான் அண்ணி," என்றாள்.

"மறுபடியும் போடு. இன்னும் நாள் இருக்கே?"

"நாள் இருக்கு. விதை இல்லை. விதைக் கம்பெனிக்குப் போன் பண்ணினேன். எல்லாருக்கும் இதே கதைதானாம். அனுப்பவே பத்து நாள் ஆகும்ங்கிறாங்க."

பத்து நாள் தள்ளி விதைத்தால் நாலாம் தேதிக்குப் பட்டாணி இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. நான் கிண்டல் செய்ய வாயெடுத்து மூடிக்கொண்டேன். அப்படி நான் மூடிக்கொள்வது அபூர்வம்.

ராய்ஸும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததில் யாரும் எதையும் கவனிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை மேவிஸ் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்த்த கீரையையும் நாற்றுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுன் சந்தைக்குப் போனாள். ராய்ஸ் தீவனக் கடைக்குப் போய் ஒரு மூட்டை பட்டாணி விதை வாங்கினான். மழை விட்டு மண் கொஞ்சம் உலர்ந்திருந்தது. அவளுடைய விதைப்புத் தள்ளுவண்டியை எடுத்து, நூல் கட்டிப் பிடித்து, ஆற்றோரப் பாத்தி முழுக்க விதைத்துவிட்டான். சாலை போடுகிறவன் கை. வரிசை ஒன்றுகூட முடி அளவு கோணவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவள் வண்டியை விட்டு இறங்காமலே அதைப் பார்த்தாள். பிறகு இறங்கி ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தள்ளுவண்டியைத் துடைக்கப் போனாள். விதைப் பெட்டியின் அடியில் இளஞ்சிவப்பாகப் பொடி படிந்திருந்தது. அந்த நிறத்தைப் பார்த்தால் தோட்டக்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். விதை அழுகாமலிருக்கத் தடவும் பூஞ்சை மருந்துக்குச் சாயம் போட்டு வைத்திருப்பார்கள், யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்காக.

நான் அப்போது காபி குடிக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் உள்ளே வந்து விரலை ராய்ஸ் முன்னால் நீட்டினாள்.

"ராய்ஸ். விதை என்ன கலர்ல இருந்துச்சு?"

"பிங்க்," என்றான் அவன். "நல்லா இருந்துச்சே."

"மூட்டைல என்ன எழுதியிருந்துச்சு?"

"சீக்கிரம் காய்க்கும்னு."

"அதுக்குக் கீழே?"

அவன் யோசித்தான். கீழே வாசிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அது மருந்து தடவின விதை, ராய்ஸ்."

"மருந்து அடிக்கக் கூடாதுன்னுதானே நீ சொல்லுவே," என்றான் என் தம்பி. "நான் அடிக்கலையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் காபியோடு சேர்த்து விழுங்கினேன். அவள் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருந்தது.

"நான் உனக்கு விதையைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லை, இல்ல?" என்றாள்.

மறுநாள் காலை அவள் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போன் செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் நான் ஓடினேன். ஓடினேன் என்றால் என் முழங்காலுக்கு எது ஓட்டமோ அது.

"உனக்குப் பைத்தியமா? யாருக்குத் தெரியப்போகுது? அடுத்த சோதனைக்கு அவங்க வர்றப்போ செடியே இருக்காது."

"அண்ணி, ரோட்டோரம் போர்டு நட்டிருக்கேன்ல? அதை தினமும் படிக்கிறது நான் ஒருத்திதான். நீங்கல்லாம் அதைப் பார்க்கிறதையே எப்பவோ நிறுத்திட்டீங்க."

"மறுபடியும் மூணு வருஷம்டி! அதுவும் உன் நல்ல பாத்தி!"

"எண்ணத் தெரியும் அண்ணி. ஒருதடவை எண்ணியிருக்கேனே."

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அவள் போனில் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள், நிலத்தைச் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். யார் விதைத்தது என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். "எங்க தோட்டத்துல நடந்தது," என்று மட்டும் பதில் சொன்னாள். ஆற்றோரப் பாத்தி சான்றிதழிலிருந்து வெளியே போனது. மற்ற பாத்திகள் தப்பின.

விதைத்தது விதைத்ததுதான். அதை உடனே கிளறி எறிந்திருக்கலாம். அவள் செய்யவில்லை. "மண்ணு என்ன பாவம் செஞ்சது? பட்டாணி வேர் மண்ணுக்கு நல்லது. பூக்கிறப்போ மடக்கி உழுதா உரம். அதுக்குள்ளே உழுதா வீண்," என்றாள். தாமதமாக வந்து சேர்ந்த தன் விதையை, தெற்குப் பார்த்த சரிவில், வெயில் அதிகம் விழும் மேட்டுப் பாத்தியில் போட்டாள். அது நாலாம் தேதிக்குள் காய்க்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் காலையிலும் மாலையிலும் போய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு வருவாள். வெயில் ஒரு நாள் நன்றாக அடித்தால் பாட்டு முணுமுணுப்பாள். மேகம் வந்தால் வானத்தை முறைப்பாள்.

இதற்கிடையில் ஆற்றோரத்துப் பட்டாணி பேயாக வளர்ந்தது. அவ்வளவு செழிப்பான பட்டாணியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பந்தல் வலையைப் பிடித்துக்கொண்டு இடுப்புக்கு மேல் ஏறியது. ஜூன் நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. சாலையில் போகிற கார்கள் எல்லாம் அங்கே வேகம் குறைந்தன. கண்ணாடியை இறக்கி, "இந்த வருஷம் கலக்கிட்டே மேவிஸ்!" என்று கத்திவிட்டுப் போனார்கள். அவள் கையை ஆட்டுவாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் ஆட்டுவாள்.

ஒரு நாள் காலை டிராக்டர் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். ராய்ஸ் டிராக்டரில் ரோட்டவேட்டர் கலப்பையை மாட்டி ஆற்றோரப் பாத்தியின் முனையில் நின்றிருந்தான். வலையை எல்லாம் மேவிஸ் முன்னாலேயே கழற்றிவிட்டிருந்தாள். பட்டாணிக்கொடிகள் பூவோடு தரையில் சரிந்து கிடந்தன. அவன் இறங்கவும் இல்லை, வண்டியை நகர்த்தவும் இல்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

"நான் வேற யாரையாவது கூப்பிடுறேன்," என்று அவள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்கு முடியலேன்னா விட்டுடு."

"நான் போட்டது," என்றான் ராய்ஸ்.

அவ்வளவுதான் சொன்னான். கியரைப் போட்டான். நூல் பிடித்து விதைத்த வரிசைகளின் மேல் அதே நேர்கோட்டில் போனான். பச்சையும் வெள்ளையுமாக மண்ணுக்குள் இறங்கியது. நறுக்கிய பட்டாணிக் கொடியின் வாசனை காற்றில் நிறைந்தது. அதைப்போல நல்ல வாசனை கோடையில் வேறு கிடையாது, அன்றைக்கு மட்டும் எனக்கு அது பிடிக்கவில்லை. மேவிஸ் அவன் பக்கத்திலேயே, வண்டியின் ஓரமாக, ஒவ்வொரு வரிசைக்கும் கூடவே நடந்தாள். அவள் நடக்கவேண்டிய வேலை எதுவும் அதில் இல்லை.

கதை மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலம் கிளேட்டன் ஃபிஸ்க் தன் தீயணைப்புத் தொப்பியோடு வந்து நின்றார். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் தான் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள் என்று அவருக்கு நம்பிக்கை.

"என்னம்மா மேவிஸ், விருந்துப் பட்டாணியை உழுதுட்டியாமே?"

"அது விருந்துப் பட்டாணி இல்லை, கிளேட்டன்."

"மருந்து விதையிலதானே? காயிலயா இருக்கு? நாங்க என்ன சோதனை பண்ண வந்தவங்களா? ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் போடுறாங்க, தின்னுட்டு நல்லாத்தான் இருக்கோம்."

"அவங்க போடட்டும், தின்னட்டும். அதுல தப்பே இல்லை," என்றாள் மேவிஸ். "ஆனா நீங்க தட்டுல வாங்குறப்போ பட்டாணின்னா கேக்குறீங்க? மேவிஸ் பட்டாணின்னு கேக்குறீங்க. அது மேவிஸ் பட்டாணி இல்லை."

கிளேட்டன் என்னைப் பார்த்தார். நான் அவரோடு சேர்ந்துகொள்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் சேர்ந்திருப்பேன்.

"அப்போ கடையில உறைஞ்ச பட்டாணி பாக்கெட் வாங்கிடலாம், யூனிஸ்," என்றார் அவர். யூனிஸ் நான்தான்.

"என் சமையல்கட்டுக்குள்ளே பாக்கெட் பட்டாணி வந்துச்சுன்னா உம்ம தொப்பியை அது கூடவே வேகவெச்சுடுவேன். பட்டாணி இல்லைன்னா இல்லைதான். அண்டா காலியாவே இருக்கட்டும்."

மேவிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

கிளேட்டன் போகும்போது ஒன்று கேட்டார். "சரி, இவ்வளவு அனுபவம் உள்ள நீ எப்படிம்மா அந்த விதையைப் போட்டே?"

ராய்ஸ் கொட்டகையில் இருந்தான். டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டிருக்கும்.

"போட்டாச்சு," என்றாள் மேவிஸ்.

அப்படியே அது ஊரில் பரவியது: மேவிஸ் தப்பான விதை போட்டுவிட்டாள். பெருமைக்காரி சறுக்கிவிட்டாள் என்று சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. அவள் திருத்தவில்லை. நான் திருத்தப் போனபோது கையைப் பிடித்தாள். "அவன் எனக்குச் சந்தோஷம் தரத்தான் செஞ்சான் அண்ணி. ஊர்ல அவனைப் பார்த்துச் சிரிக்க விடமாட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம்தான்."

ஜூலை நாலாம் தேதி வெயில் தகதகவென்று வந்தது. இதே வெயில் ஜூனில் வந்திருந்தால் என்ன என்று நான் வானத்தைத் திட்டினேன். தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கொட்டகை முழுக்க மேசை போட்டிருந்தார்கள். மீன் தயார், உருளைக்கிழங்கு தயார், முட்டை சாஸ் கட்டி இல்லாமல் வந்திருந்தது. பட்டாணி அண்டாவை நான் வேண்டுமென்றே அதன் இடத்திலேயே வைத்தேன், கரண்டியோடு, காலியாக. ஜனங்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களிடம் கிசுகிசுத்தார்கள்.

மேவிஸ் வந்தாள். சுத்தமான சட்டை போட்டிருந்தாள், தலையை வாரியிருந்தாள். கையில் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. மேட்டுப் பாத்தியில் முதல் காய்கள் வந்துவிட்டன. விடியற்காலையிலிருந்து செடிசெடியாகத் தேடி, பருத்த காயை மட்டும் பறித்து, உரித்து, வேகவைத்து, வெண்ணெய் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கும். அன்றைக்கு அங்கே ஊரே இருந்தது.

வரிசையின் தலைப்பக்கம், அந்தக் காலி அண்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் ஒரு வார்த்தை," என்றாள். அவளுக்குக் குரல் பெரிது. யாரும் மைக் கொடுக்கவில்லை. "இந்த வருஷம் உங்களுக்குப் பட்டாணி இல்லை. மருந்து தடவின விதை பாத்தியில விழுந்துடுச்சு. அதைக் கொண்டுவந்து உங்க தட்டுல போட எனக்கு மனசு வரலை. மேட்டுப் பாத்தியில இப்பதான் காய்க்குது. அடுத்த வாரம் வாங்க, விலை வேண்டாம், வேணுங்கிற அளவு பறிச்சுட்டுப் போங்க. தப்பு என்னோடது. விதையை நான்தான்—"

"இல்லை."

வரிசையின் நடுவில் ராய்ஸ் நின்றிருந்தான். கையில் காலித் தட்டு. முகம் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது.

"அவ இல்லை," என்றான். "நான் போட்டேன். அவ சந்தைக்குப் போயிருந்தா. கடையில கேட்டு வாங்கி நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் அவளே போன் பண்ணிச் சொல்லிட்டா. யாரும் கேக்கலை. அவளா சொன்னா." மூச்சு வாங்கினான். "இத்தனை நாளா என் பேரைச் சொல்லவே இல்லை."

என் தம்பி தன் கல்யாணத்தில்கூட இவ்வளவு பேசவில்லை.

கிளேட்டன் ஃபிஸ்க்தான் முதலில் வாயைத் திறந்தார். "ராய்ஸ் பேசிட்டான்யா! பட்டாசு எதுக்கு இனிமே, ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்!"

சிரிப்பு வெடித்தது. மேசையைத் தட்டினார்கள். யாரும் ராய்ஸைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன், கவனிக்கத்தான் அங்கே நின்றேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மேவிஸைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அப்பா செத்தபோதுகூட ஊர் முன்னால் அழாதவள்.

அவள் வரிசையைத் தாண்டி அவனிடம் போனாள். கிண்ணத்தை அவன் தட்டின் மேல் கவிழ்த்தாள். அந்த வருஷத்தின் முதல் பட்டாணி முழுவதும், வெண்ணெயோடு, ஒன்று விடாமல் அவன் தட்டில் விழுந்தது.

"எல்லாமுமா எனக்கு?" என்றான். "இவங்களுக்கு?"

"பூவோட இருந்ததை உழுதது நீதானே," என்றாள் மேவிஸ். "தின்னு."

"வேண்டாம் மேவிஸ். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அவன் உட்கார இடம் தேடினான். யாரும் நகரவில்லை, அவனுக்கு வழி விடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என் தம்பி நின்றபடியே தின்றான். ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்றான். அவள் காலிக் கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஆற்றோரத்தில் டிராக்டரோடு நடந்தாளே, அன்றைக்கு அவள் தலை குனிந்திருந்தது. இன்று இல்லை.

என் குடும்பத்தில் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்கு அந்தக் கொட்டகையின் கூரையில் ஏறி நின்று கத்தியிருப்பேன். முழங்கால் விடாது. மீன் கரண்டியை எடுத்தேன். அடுத்து நின்றவர் தட்டை நீட்டினார். சால்மன் வைத்தேன், சாஸ் ஊற்றினேன், இரண்டு உருளைக்கிழங்கு வைத்தேன். காலி அண்டாவைத் தாண்டும்போது அவர் தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் கழற்றினார்.